பேத் மார்ஷாவின் அறுபத்து மூன்று பேர்

அந்தப் புஸ்தகத்துல நாலாவது பக்கத்தைத் திருப்புங்க தம்பி. அட்டை, அப்புறம் தலைப்பு, அதுக்குப் பின்னாடி. ஆங், அதேதான், ஒருத்தரும் படிக்காத பக்கம். கீழ பொடி எழுத்துல என்ன போட்டிருக்கு, வாசிங்க. 'டைப்செட் பை'ன்னு ஒரு கம்பெனி பேரு, 'புதுச்சேரி, இந்தியா'. பாத்தீங்களா! எழுதினவன் அமெரிக்காக்காரன், போட்டவன் லண்டன்காரன். ஆனா எழுத்தைக் கோத்து, பக்கம் கட்டி, தப்பைத் திருத்தி, அடிக்குறிப்பை எல்லாம் வரிசையா நிக்க வச்சது நம்ம ஆளுங்க. இது எங்க கம்பெனி இல்ல. எங்க கம்பெனி பேரு வேண்டாம், விடுங்க. இருபத்திரெண்டு வருஷம் இருந்தேன் அங்க. என் பேரு தணிகாசலம்.

ஹிஸ்டரி வாத்தியாரா நீங்க? நெனச்சேன். அப்ப உங்களுக்குத்தான் இதைச் சொல்லணும். பஸ் மரக்காணம் தாண்டுற வரைக்கும் கேளுங்க, பிடிக்கலைன்னா தூங்கிடுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். ஒரு ஹிஸ்டரி புரொபசராலதான் என் ஷீல்டு போச்சு. வருஷா வருஷம் ஆண்டு விழாவுல சிறந்த டீம் லீடருக்கு ஒரு ஷீல்டு குடுப்பாங்க. மூணு வருஷம் தொடர்ந்து வாங்கினேன். நாலாவது வருஷமும் வாங்கிட்டா கான்பரன்ஸ் ரூம் சுவத்துல பேரைப் பொறிப்பாங்க. பித்தளைத் தகடுல. இடம்கூட பார்த்து வச்சிருந்தேன், ஜன்னலுக்குப் பக்கத்துல. ஒரு மனுஷன் கெடுத்துட்டாரு.

நான் யாரையும் குறை சொல்றவன் கிடையாது. பெரிய மனுஷன்தான் அவரு. ஓதிஷோ குஷாபான்னு பேரு. சிகாகோ. அசீரியர். நீங்க பாடம் எடுத்திருப்பீங்களே, றெக்கை வச்ச காளை, மனுஷ மூஞ்சி, நீளமா சுருட்டைத் தாடி, அந்த ஜனம். எனக்கு அவங்க எல்லாம் ரெண்டாயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னாடியே தீந்து போயிட்டாங்கன்னுதான் நெனப்பு. இன்னும் இருக்காங்களாம். ஈராக்குல கொஞ்சம், சிரியாவுல கொஞ்சம், மிச்சம் பேரு அமெரிக்கா, ஸ்வீடன், ஆஸ்திரேலியான்னு கிடைச்ச இடத்துல. கிறிஸ்தவங்க. தனி பாஷை. நாடுதான் கிடையாது.

எங்க வேலை எப்படின்னா, புக்கைத் திருத்தும்போது சந்தேகம் வந்தா நம்பர் போட்டு எழுதினவருக்குக் கேள்வி அனுப்புவோம். இந்த வருஷம் சரியா, இந்த ஊரு எந்த மாகாணம், அவ்வளவுதான். ஆமா, இல்லைன்னு வந்தா போதும். இந்த ஆளு ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றரைப் பக்கம் எழுதுவாரு. 'அன்புள்ள தணிகா'ன்னு ஆரம்பிப்பாரு, பாதிப் பேரை முழுங்கிட்டு. பன்னெண்டாவது கேள்வி ஞாபகம் இருக்கு. 'முன்னுரையில 1971ல சிகாகோ வந்ததா இருக்கு, மூணாவது அதிகாரத்துல 1969ல நாட்டை விட்டதா இருக்கு, எது சரி?' ரெண்டும் சரிதான்னு ஒரு வரி எழுதிட்டுப் போக வேண்டியதுதானே? ராத்திரியோட ராத்திரியா அம்மாவைக் கூட்டிக்கிட்டு பேய்ரூட்டுக்கு ஓடினது, விசாவுக்காக ரெண்டு வருஷம் ஒரு சர்ச்சோட மாடிப்படிக்குக் கீழ குடியிருந்தது, அம்மா அங்க பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் துவைச்சது, எல்லாம் வந்துச்சு. எனக்கு அன்னைக்கு அஞ்சு புக்கு நிலுவை.

இப்படியே அவரு வாழ்க்கை பூரா எனக்குத் தெரியும், தம்பி. என் சம்சாரத்தோட கதைகூட அவ்வளவு தெரியாது. சிகாகோவுல தரைக்குக் கீழ கார் நிறுத்துற இடத்துல டிக்கெட் கிழிக்கிற வேலை. அந்தக் கூண்டுக்குள்ள உக்காந்துதான் பிஎச்.டி. எழுதியிருக்காரு. கையுறையைப் போட்டா பேனா பிடிக்க முடியல, கழட்டினா விரல் மரத்துப் போச்சுன்னு எழுதினாரு. பட்டம் வாங்கிட்டு வேலை கேட்டுப் போனா, 'உங்க ஜனத்தோட வரலாறு கி.மு. 612லயே முடிஞ்சு போச்சே, தொல்லியல் துறையில கேட்டுப் பாருங்க'ன்னு அனுப்பிட்டாங்களாம். எனக்குச் சிரிப்பு தாங்கல. டீம்ல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். ரெண்டு பெரிய யுனிவர்சிட்டியில தற்காலிகமா வச்சிருந்து, நிரந்தரம் பண்ற நேரம் வந்ததும், 'ஆதாரம் எங்க? கிழவிங்க சொல்றதெல்லாம் ஆதாரமா?'ன்னு கழட்டி விட்டுட்டாங்க. கடைசியில ஏதோ ஒரு சின்னக் காலேஜ். உலக வரலாறு, முதல் பாகம். முப்பத்தோரு வருஷம் அதே பாடம். அதுல அவரு ஜனத்துக்கு ஒரே ஒரு வகுப்பு, அரை மணி நேரம்.

அந்த முப்பத்தோரு வருஷத்துல எழுதினது ஒரே ஒரு புக்கு. நான் வருஷத்துக்கு நாப்பது புக்கு முடிப்பேன். அவருக்கு எழுபத்தி நாலு வயசு, அதுதான் முதலும் கடைசியும்னு அவரே எழுதினாரு.

புக்கு எதைப் பத்தின்னா, பேத் மார்ஷான்னு அவங்க அம்மாவோட ஊரு. 1933ல ஈராக்குல அசீரியருங்களைக் கொன்னாங்க இல்லையா, அதுல இந்த ஊரும் போச்சு. ஒரே நாள்ல அறுபத்து மூணு பேரு. பாருங்க, நம்ம நாயன்மார் எண்ணிக்கை. ஆம்பளைங்களையும் பையன்களையும் தனியா நிக்க வச்சு சுட்டிருக்காங்க. பொம்பளைங்க தப்பிச்சு எங்கெங்கேயோ போயி, கடைசியில பாதிப் பேரு சிகாகோ வந்து சேந்திருக்காங்க. இவரு ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் நோட்டைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு கிழவி வீட்டுக்கும் போவாராம். சமையல்கட்டுல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே, செத்தவங்க பேரைச் சொல்லச் சொல்லி எழுதிக்குவாராம். அந்தக் கிழவிங்களுக்குப் பேரைத் தனியாச் சொல்லத் தெரியாது. வீடு வீடாத்தான் சொல்லுவாங்க. ஆத்தோரம் மாவு ஆலையில ஆரம்பிச்சு, மேட்டுல இருக்குற சர்ச் வரைக்கும், நடந்து போற மாதிரி. நடுவுல ஒரு வீடு விட்டுப் போச்சுன்னா மறுபடியும் ஆலையில இருந்து ஆரம்பிப்பாங்க. இப்படி ஒருத்தி சொன்னதை இன்னொருத்திகிட்ட சரிபார்த்து, இருபது வருஷம். 'உங்க ஆளோட பேரு அச்சுல வரும்'னு ஒவ்வொருத்திக்கும் வாக்குக் குடுத்திருக்காரு. யாரு குடுக்கச் சொன்னா?

புக்கோட கடைசியில அந்தப் பட்டியல். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தலைப்பு, கீழ பேரு. 'ஆலை வீடு.' 'வாதுமை மர வீடு.' 'விதவை ஷமீரானின் வீடு.' ஒரு வீட்ல ஒரே ஒரு பேரு, இன்னொரு வீட்ல எட்டு. பக்கம் பூரா வெள்ளை. ஏழு பக்கம் தின்னுது. வயசு போட்டிருந்தாலாவது ஏதோ, அதுவும் இல்ல, கிழவிங்களுக்கு வயசு தெரியாதாம். பேரும் அப்பா பேரும், அவ்வளவுதான்.

நான் என்ன பண்ணினேன்? பப்ளிஷர் குடுத்த விதிமுறைப் புஸ்தகத்துல தெளிவா இருக்கு, பின்னிணைப்புல வர்ற பட்டியல் அகர வரிசையில இருக்கணும்னு. ரூல்னா ரூல். வீட்டுத் தலைப்பையெல்லாம் எடுத்துட்டு, அகர வரிசையில ரெண்டு பத்தியா அடுக்கச் சொன்னேன். ஏழு பக்கம் ஒரே பக்கமாச்சு. பக்கம் குறைச்சா எங்க டீமுக்கு நல்ல பேரு.

அடுக்கினதும்தான் பார்க்குறோம், ஒரே பேரு திரும்பத் திரும்ப வருது. யூகன்னா, ஷ்லிமோன் மகன். அதுக்குக் கீழ யூகன்னா, ஷ்லிமோன் மகன். அதுக்குக் கீழயும் அதே. நாலு தடவை! குஷாபா, ஓதிஷோ மகன், மூணு தடவை. கம்ப்யூட்டரே எல்லாத்துக்கும் மஞ்சள் அடிச்சுக் காட்டுது, டூப்ளிகேட், டூப்ளிகேட்னு. இருபத்தஞ்சு. வயசான மனுஷன், நோட்டுல இருந்து எழுதும்போது திரும்பத் திரும்ப எழுதியிருக்காருன்னு நெனச்சேன்.

எங்க டீம்ல ஜெசிந்தான்னு அரியாங்குப்பத்துப் பொண்ணு. அவதான் அந்த ஃபைல்ல வேலை பார்த்தா. "சார், இதெல்லாம் வேற வேற ஆளா இருந்தா?"ன்னு கேட்டா. "நாலு பேருக்கு ஒரே பேரு, ஒரே அப்பன் பேரு, எப்படிம்மா வரும்? ஊர்ல வேற பேரே கிடைக்கலையா?"ன்னு கேட்டேன். டீமே சிரிச்சுது. "எடு"ன்னேன், எடுத்துட்டா. முப்பத்தெட்டு மிச்சம். பட்டியல் பார்க்க லட்சணமா இருந்துச்சு.

இருங்க, நான் கேக்காம எடுக்கல. கேள்வி அனுப்பினேன். இருநூத்திப் பதினேழாவது கேள்வி. 'இருமுறை வந்த பெயர்கள் நீக்கப்பட்டுள்ளன, உறுதி செய்யவும்.' நாப்பத்தெட்டு மணி நேரம் கெடு. அதுக்குள்ள பதில் வரலைன்னா சம்மதம்னு எடுத்துக்குவோம், அது ஒப்பந்தத்துலயே இருக்கு, அவரும் கையெழுத்துப் போட்டிருக்காரு.

இதுல ஒரு சின்ன விஷயம். அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அவரு எழுதியிருந்தாரு. 'அன்புள்ள தணிகா, வர்ற திங்கள், செவ்வாய், புதன் எங்களுக்கு நினிவே நோன்பு. யோனா தீர்க்கதரிசி எச்சரிச்சப்போ எங்க முன்னோருங்க மூணு நாள் பட்டினி கிடந்து ஊரைக் காப்பாத்தினாங்க, அதுக்காக இன்னைக்கும் நாங்க மூணு நாள் சாப்பிடறதில்ல. நான் கம்ப்யூட்டரைத் தொட மாட்டேன், சர்ச்சுலதான் இருப்பேன். எது இருந்தாலும் வியாழக்கிழமை காலையில முதல் வேலையா பதில் தர்றேன்.' இப்படி.

நான் திங்கக்கிழமை காலையில அனுப்பினேன்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? வேணும்னுதான் அனுப்பினேன்னு வச்சுக்குங்களேன். வெள்ளிக்கிழமை அனுப்பினா என்ன ஆகும்? இருபத்தஞ்சு பேருக்கும் ஆளுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதுவாரு. அவங்க அம்மா, அவங்க பாட்டன், அவன் ஆட்டுக்குட்டி. மார்ச்சுக்குள்ள அந்தப் புக்கு வெளிய போகாது, என் ஷீல்டும் போகும். சாமி கும்பிடுறது அவங்கவங்க இஷ்டம், அதுக்காக கம்பெனி கதவைச் சாத்துமா? ஜெசிந்தாகூட, "சார், அவர் நோன்புன்னு எழுதியிருக்காரே"ன்னா. "நீ வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடாம இருக்கியே, அன்னைக்கு வேலைக்கு வரலையா?"ன்னு கேட்டேன். மீன் இல்ல சார், கறிதான்னா. ஏதோ ஒண்ணு.

புதன்கிழமை கெடு முடிஞ்சுது. சாயங்காலம் ஃபைலை அனுப்பிட்டேன். வியாழக்கிழமை வந்து உக்காந்தா அவர்கிட்ட இருந்து மெயில். தலைப்பே, 'தயவுசெய்து ஒருவரையும் எடுக்காதீர்கள்'. உள்ள திறக்கல. முடிஞ்ச புக்குக்கு வர்ற மெயிலைத் திறக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அனுப்பின ஃபைலைத் திரும்பக் கூப்பிடலாம், முடியாதுன்னு சொல்ல மாட்டேன். அச்சுக்குப் போக இன்னும் நாலு நாள் இருந்துச்சு. ஆனா திரும்பக் கூப்பிட்டா டீம் மேல ஒரு கறுப்புப் புள்ளி. ஒரே ஒரு புள்ளி போதும் ஷீல்டு போக. அவரு மறுபடியும் ரெண்டு தடவை எழுதினாரு. பழைய ஃபோல்டர்ல போட்டுட்டேன்.

புக்கு வந்துச்சு. அழகான அட்டை. ஜூன் மாசம் அவங்க சர்ச் மண்டபத்துல வெளியீட்டு விழா. ஜூலையில என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சாங்க, எங்க மேனேஜரு, அமெரிக்காவுல இருந்து பப்ளிஷர் அம்மா, திரையில இந்த மனுஷன். அன்னைக்குத்தான் முகத்தைப் பார்த்தேன். ஒல்லியா, டை கட்டிக்கிட்டு. கத்துவாருன்னு நெனச்சேன், கத்தல. அதுதான் எனக்குப் பிடிக்கல. கத்தியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

விழாவுல நடந்ததை மெதுவாச் சொன்னாரு. மண்டபம் நிறைய ஜனமாம். தொண்ணூத்தொரு வயசுக் கிழவி ஒருத்தி, மடியில புக்கை வச்சுக்கிட்டு, பேத்தியை விட்டுத் தேடச் சொல்லியிருக்கா. பேத்தி கடைசிப் பக்கத்தைப் பார்த்து, 'ஒரு குஷாபாதான் இருக்காரு பாட்டி'ன்னுருக்கா. கிழவி எழுந்து நின்னு எல்லாரு முன்னாடியும் கேட்டாளாம். "ஓதிஷோ, என் சமையல்கட்டுல பதினாறு ஞாயித்துக்கிழமை டீ குடிச்சியே. இது என் தாத்தனா, என் தம்பியா? ஒருத்தன் இருக்கான், இன்னொருத்தனை எங்கடா போட்ட?" அவ்வளவுதான், ஆளாளுக்கு எழுந்து அவங்கவங்க ஆளைத் தேட ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு கிழவன் புக்கை மேடையில வச்சுட்டு வெளிய போயிட்டானாம்.

அவங்க வழக்கம் என்னன்னா, தாத்தன் பேரைப் பேரனுக்கு வைக்கிறது. யூகன்னா மகன் ஷ்லிமோன், ஷ்லிமோன் மகன் யூகன்னா, மறுபடி ஷ்லிமோன். அப்ப தாத்தனுக்கும் பேரனுக்கும் பேரும் ஒண்ணு, அப்பன் பேரும் ஒண்ணு. ரெண்டு பேரையும் ஒரே சுவத்துல நிக்க வச்சு சுட்டிருக்காங்க. அதைத்தான் அவரு வீடு வீடாப் பிரிச்சு வச்சிருந்தாராம். எங்க குடும்பத்துலயும் இருக்கு, இல்லைன்னு சொல்லல. எங்க தாத்தா பேருதான் எனக்கு, எங்க பெரியப்பா மகனுக்கும் அதே. ஒரு தடவை குடும்ப அட்டையில டபுள் என்ட்ரின்னு என் பேரை அடிச்சிட்டானுங்க. விட்டேனா? "உயிரோட நிக்கிறேன், என்னையா இல்லைங்கிற?"ன்னு ஆபீஸ்ல போய்க் கிழிச்ச கிழியில அன்னைக்கே சேத்துட்டான். ஆனா அது வேற, இது வேற. நாங்க உயிரோட இருக்கோம்ல, நேர்ல போய்க் கேக்கலாம்.

இதுக்கு நடுவுல ஒரு பத்திரிகையில விமரிசனம் வேற. இவரோட இருபது வருஷமா மல்லுக்கு நிக்கிற ஆளு ஒருத்தன். 'அறுபத்து மூன்று என்று புத்தகம் முழுக்கச் சொல்கிறார், அவருடைய பட்டியலிலேயே முப்பத்தெட்டுதான் இருக்கிறது. மிச்சம் இருபத்தைந்து பேரைப் பேராசிரியரே கொன்றார் போலும்.' இப்படி எழுதிட்டான். அடுத்த மாசம் இன்னொருத்தன் இதையே எடுத்துப் போட்டு, மத்த ஊருங்க எண்ணிக்கையும் இப்படித்தான்னு எழுதினான். அவரு படிச்ச யுனிவர்சிட்டியில ஒரு சொற்பொழிவுக்குக் கூப்பிட்டிருந்தாங்களாம், நாப்பது வருஷத்துல முதல் தடவை. அது ரத்து.

எங்க மேனேஜர் என்னைப் பார்த்தாரு. நான் பதட்டப்படல. அனுப்பின கேள்வி, அனுப்பின நேரம், கெடு, ஒப்பந்தத்துல அவரு கையெழுத்து, ஒவ்வொண்ணா திரையில போட்டுக் காட்டினேன். "சார், நாப்பத்தெட்டு மணி நேரத்துல உங்ககிட்ட இருந்து பதில் வரலை"ன்னு மரியாதையாத்தான் சொன்னேன். அவரு, "நான் நோன்புல இருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமே, தணிகா"ன்னாரு. "அது உங்க தனிப்பட்ட விஷயம் சார்"னேன். பப்ளிஷர் அம்மா குனிஞ்சு எதையோ எழுதிக்கிச்சு. கடைசியில 'எழுத்தாளர் கவனக்குறைவு'ன்னு முடிவாச்சு. எழுத்தாளர் தப்புன்னா மறுபடி அச்சடிக்க மாட்டாங்க, அதுவும் ரூல். இன்னைக்கும் லைப்ரரிகள்ல அந்த முப்பத்தெட்டுதான் இருக்கு.

என்ன பிரயோஜனம்? வியாழக்கிழமை வந்த மெயிலை ஏன் திறக்கலைன்னு மேனேஜர் தனியா கூப்பிட்டுக் கேட்டாரு. ஃபைல்ல பேரை எடுத்தது யாருன்னு பார்த்தா ஜெசிந்தாவோட லாகின். "பொண்ணு புதுசு சார், சொல்லித் தர்றேன்"னேன். சொல்லித் தர்றதுக்குள்ள அவளை அனுப்பிட்டாங்க. நல்ல பொண்ணு, பாவம். போகும்போது என்கிட்ட சொல்லிக்கலை, அது ஒண்ணுதான் எனக்கு வருத்தம். ஷீல்டு அந்த வருஷம் வேற ஒருத்தனுக்குப் போச்சு. பாடப்புஸ்தகம் மட்டும் பண்றவன். என் பேரு சுவத்துல ஏறல தம்பி. இருபத்திரெண்டு வருஷ உழைப்பு. ஒரு மனுஷன் உழைச்சதுக்கு ஒரு இடத்துல பேரு இருக்கணுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க.

மரக்காணம் தாண்டிடுச்சு போல. உப்பளம் தெரியுது பாருங்க. இன்னும் கொஞ்சம்தான்.

கார்த்திகை மாசம் அவர்கிட்ட இருந்து ஒரு மெயில், எனக்கு மட்டும். 'அன்புள்ள தணிகா, புக்கைத் திருத்தச் சொல்லிக் கேக்கலை, அது முடிஞ்சு போச்சு. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். யூகன்னா, ஷ்லிமோன் மகன். நாலு பேர்ல நீங்க விட்டு வச்சது எந்த யூகன்னா? ஆலை வீட்டுக்காரரா, சர்ச்சுக்குப் பக்கத்து வீட்டுக்காரரா, வாதுமை மர வீட்டுத் தாத்தாவா, அவரோட பேரனா? பேரன்னா அது என் அம்மாவோட அண்ணன், பதினோரு வயசு. நாலு பேரோட சொந்தக்காரங்களும் இங்கதான் இருக்காங்க. ஞாயித்துக்கிழமை நான் போய் உக்காந்தா அந்த வரிசையில இருந்து எழுந்து போயிடுறாங்க. ஒரு வீட்டுக்காவது போய், உங்க ஆளு இருக்காருன்னு நான் சொல்லணும்.'

நியாயமான கேள்விதான். நான் மனசுல எதையும் வச்சுக்கிறவன் இல்ல, ஷீல்டு போனதுக்காக முகத்தைத் திருப்பிக்கிறவனும் இல்ல. பழைய ஃபைலைத் தேடி எடுத்து, சாப்பாட்டு நேரத்துல உக்காந்து பொறுமையா பார்த்தேன். அகர வரிசையில நாலும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு இருந்துச்சு. முதல்ல இருக்கிறதை விட்டுட்டு மூணை எடுத்திருக்கு. அந்த முதல் ஆளு எந்த வீட்டுல இருந்து வந்தான்னு பார்க்க வழியே இல்ல. இல்லாததைச் சொல்லி ஒரு வயசானவரை ஏமாத்தக் கூடாது இல்லையா? உள்ளதைத்தான் எழுதினேன். 'ஐயா, சரிபார்த்துவிட்டேன். நாலு பேருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. நீங்கள் எந்த வீட்டில் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.'

அன்னைக்கே அனுப்பிட்டேன் தம்பி, அவரைக் காக்க வைக்கல.